மேலே கர்த்தர் என்ன பேசினார்?



 

நம்முடைய 21 நாள் உபவாச ஜெபம் கர்த்தருடைய கிருபையால் முடிந்தது. கடைசி நாள் இரவில் ஆவியானவர் எவ்வளவு வல்லமையாய் இறங்கினார் என்பதை வந்திருந்தவர்கள் அறிவீர்கள். மறுநாள் காலையில் ஒரு சகோதரி எனக்குப் போன் செய்தார்கள். "பாஸ்டர், நேத்து ராத்திரி பரலோகத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகல, மாமியாரோட சண்டை. வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துடுச்சு. எனக்கு என்ன பாஸ்டர் ஆச்சு?" என்று அழுதார்கள்.

நான் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அம்மா, எனக்கும் இதேதான் ஆச்சு. அதுவும் சீனாய் மலையிலேயே ஆச்சு" என்றேன்.

2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நானும் என் மனைவியும் எகிப்துக்கும் இஸ்ரவேலுக்கும் பிரயாணம் போய்வந்ததையும், அதைப்பற்றி நான் சபையில் சாட்சி சொன்னதையும் மூத்த விசுவாசிகள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று நான் பாதிச் சாட்சியைத்தான் சொன்னேன். மறுபாதியை இப்போது எழுதும்படி ஆவியானவர் என்னைப் பாரப்படுத்துகிறார்.

ஏற்றம் உடம்பைச் சோதிக்கிறது

மோசே ஏறின மலை என்று பல நூற்றாண்டுகளாகக் காட்டப்பட்டு வருவது எகிப்து தேசத்தின் தென் சீனாயில் இருக்கிற ஜெபல் மூசா. வேறு மலைகளைச் சொல்லுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அதன் உயரம் 2285 மீட்டர். நம்முடைய நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர். அப்படியானால் சீனாய் சின்ன மலைதானே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தொட்டபெட்டாவுக்குச் சாலை இருக்கிறது, வண்டியில் உட்கார்ந்து போய் இறங்கிவிடுகிறோம். சீனாயிலோ நடக்கவேண்டும். அடிவாரத்தில், ஜஸ்டினியன் பேரரசர் 6-ம் நூற்றாண்டில் கட்டின புனித கத்தரீன் மடம் இருக்கிறது. அங்கேயிருந்து உச்சிக்குச் சுமார் 700 மீட்டர் ஏறவேண்டும். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். எட்டு மலைக்கோட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்து, அதை ராத்திரியில், குளிரில் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று செங்குத்தான கற்படிகள். 3750 படிகள் என்று சொல்லுகிறார்கள். ஒரு துறவி மனஸ்தாபப்பட்டு வெட்டின படிகள் என்பது அங்குள்ளவர்களின் பேச்சு. மற்றது, வளைந்து வளைந்து போகிற ஒட்டகப்பாதை. இந்தப் பாதையிலும் ஒட்டகம் உச்சிவரை போகாது. கடைசியில் 750 படிகளை எல்லாரும் தங்கள் சொந்தக் காலால்தான் ஏறியாகவேண்டும்.

சூரியோதயத்தை உச்சியில் பார்க்கவேண்டும் என்பதற்காக இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். பெதூயின் வாலிபர்கள் இருட்டில் ஒட்டகங்களோடு நின்று, "கேமல், கேமல்" என்று கூப்பிட்டார்கள். என் மனைவிக்கு மூட்டுவலி உண்டு. "என்னங்க, நான் ஒட்டகத்துல வந்துடட்டுமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மோசே ஒட்டகத்துலயா ஏறினாரு? நடந்து வா, கர்த்தர் பெலன் தருவாரு" என்றேன். கேட்பதற்கு விசுவாச வார்த்தைதான். ஆனால் உண்மை என்னவென்றால், நடந்தே ஏறப்போகிறோம் என்று பிரசங்க பீடத்திலேயே நான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் பெயரைக் காப்பாற்ற அவள் மூட்டு நடந்தது.

முதல் ஒரு மணி நேரம் பாடிக்கொண்டே ஏறினோம். பிறகு பாட்டு நின்றது, பேச்சும் நின்றது. மூச்சுச் சத்தமும் கல்லில் செருப்பு உரசுகிற சத்தமும்தான் கேட்டது. எனக்கு அப்போது 57 வயது, சர்க்கரை வியாதியும் உண்டு. மோசேக்கோ பார்வோனுக்கு முன்பாக நின்றபோதே 80 வயது. அந்த வயதில் அவர் இப்படி ஒருமுறையல்ல, பலமுறை ஏறி இறங்கினாரே! அதை வாசிக்கும்போது ஒரு வரியில் வாசித்துவிடுகிறோம். ஏறிப் பார்த்தால்தான் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று தெரிகிறது.

750 படிகள் தொடங்குகிற இடத்துக்கு அருகே கல்லால் கட்டின சிறிய டீக்கடை இருந்தது. என் மனைவி அங்கே உட்கார்ந்துவிட்டாள். "என்னால முடியலங்க. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்" என்றாள். எங்களிடம் வாடகைக்கு எடுத்த கம்பளி ஒன்றுதான் இருந்தது. உச்சியில் காற்று பலமாயிருக்கும் என்று சொன்னபடியால், அந்தக் கம்பளியை நான் போர்த்திக்கொண்டு ஏறிப்போய்விட்டேன்.

தேவபிள்ளைகளே, இந்த ஒரு வரியைத்தான் நான் சபையில் சொல்லவில்லை.

உச்சி குடியிருக்கிற இடமல்ல

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அங்கே 1934-ம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு சிற்றாலயம் உண்டு. பல தேசத்தார் தங்கள் தங்கள் பாஷையில் பாடிக்கொண்டிருந்தார்கள். சூரியன் எழும்பினபோது அந்த மொட்டை மலைகள் யாவும் இரத்தச் சிவப்பாய் மாறின. நான் முழங்காற்படியிட்டேன். அந்நிய பாஷை என் நாவில் புரண்டது. "ஆண்டவரே, என்னை முற்றிலும் உமக்குத் தருகிறேன்" என்று கதறினேன். அந்த ஜெபம் பொய்யல்ல, பிரியமானவர்களே. கர்த்தருடைய பிரசன்னம் அங்கே இருந்தது. அந்த ஜெபத்தை நான் செய்தபோது என் மனைவியின் கம்பளி என் தோளில் இருந்தது என்பதும் உண்மைதான்.

உச்சியில் எவ்வளவு நேரம் இருக்கமுடியும்? அரை மணி நேரத்தில் காற்று எங்களைத் துரத்திவிட்டது. உலகத்தின் மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரத்தை, 8848 மீட்டரை, எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் 1953 மே 29 அன்று முதன்முதலாய்த் தொட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் பாடுபட்டார்கள். உச்சியில் நின்றதோ ஏறத்தாழ 15 நிமிடம்! மனுஷன் அங்கே குடியிருக்கமுடியாது. பிராணவாயு போதாது, குளிர் கொன்றுபோடும். உச்சி தரிசிக்கிற இடமேயன்றி தங்குகிற இடமல்ல.

மறுரூப மலையில் பேதுரு என்ன விரும்பினார்? மூன்று கூடாரங்களைப் போட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் மலையடிவாரத்தில் ஒரு தகப்பன், அசுத்த ஆவியினால் அலைக்கழிக்கப்பட்ட தன் மகனோடு காத்துக்கொண்டிருந்தான். இயேசு கூடாரம் போடவில்லை, அந்தப் பையனிடத்துக்கு இறங்கி வந்தார். அல்லேலூயா! நம்முடைய ஆண்டவர் இறங்கி வருகிற ஆண்டவர்.

இறக்கம் உள்ளத்தைச் சோதிக்கிறது

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைக்கிறோம். மலை ஏறுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப்பிடிக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் மூட்டின்மேல் உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு பாரம் விழுகிறது. மறுநாள் எழுந்திருக்கமுடியாதபடி வலிப்பதும் பெரும்பாலும் இறங்கினதினால்தான். பெலன் முன்னமே செலவாகிவிட்டது. "முடிந்துவிட்டது" என்று மனம் அசந்துபோகிறது. கால் அங்கேதான் இடறுகிறது.

1996 மே 10 அன்று எவரெஸ்டில் நடந்ததை உலகம் அறியும். பகல் 2 மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிடவேண்டும் என்று முன்னமே பேசியிருந்தார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தபோது, பலர் அந்த நேரத்தைத் தாண்டியும் ஏறினார்கள். இறங்குகிற வழியில் இருட்டும் பனிப்புயலும் பிடித்துக்கொண்டது. மலையின் இரண்டு பக்கங்களிலுமாக 8 பேர் மரித்தார்கள். அவர்களில் 3 பேர் நம் இந்தியர்கள்.

அதே மாதத்தில், ஒரு வாரத்துக்கு முன்பு, கோரன் குரோப் என்கிற சுவீடன் தேசத்து மனுஷன் அதே மலையில் இருந்தார். தன் தேசத்திலிருந்து சைக்கிளிலேயே வந்தவர். மே 3 அன்று உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 100 மீட்டர்தான் இருந்தது. எவ்வளவு ஆசையிருந்திருக்கும்! ஆனால் நேரமாகிவிட்டது, இன்னும் போனால் பத்திரமாய் இறங்கமுடியாது என்று கண்டு திரும்பிவிட்டார். மே 23 அன்று மறுபடியும் ஏறி உச்சியைத் தொட்டு, உயிரோடு இறங்கிவந்தார். இறங்குவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவன் பிழைத்தான்!

நான் கணக்குப் பார்க்கவில்லை. மகிமை நிறைந்தவனாய் 750 படிகளை இறங்கினேன். பாதியிலேயே முழங்கால் நடுங்கத் தொடங்கிற்று. பசி. பஸ் புறப்படுகிற நேரமும் நெருங்கிவிட்டது. டீக்கடைக்கு வந்தேன். என் மனைவி சுவரோடு சாய்ந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஏறினபோது வேர்த்த வேர்வை குளிரில் உறைந்து, கால்கள் மரத்துப்போயிருந்தன. அவள்மேல் ஒரு பழைய கம்பளி இருந்தது. டீக்கடைக்கார பெதூயின் தன்னுடைய சொந்தக் கம்பளியை எடுத்துப் போர்த்தியிருந்தார்.

அதைக் கண்டவுடனே நான் உடைந்திருக்கவேண்டும். உடையவில்லை, எரிச்சலடைந்தேன். வெட்கம் பல நேரங்களில் கோபத்தின் வேஷத்தில்தான் வெளியே வரும். "எல்லாரும் கீழ போயாச்சு. பஸ் நிக்காது. எந்திரி! உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு" என்று, நம் குழுவார் நாலைந்து பேருக்கு முன்பாகச் சத்தம்போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு தாயார் இருந்தார்கள். 70 வயதைத் தாண்டினவர்கள். ஒட்டகத்தில் அதுவரை வந்து, மேலே ஏறாமல் என் மனைவியோடு கூட இருந்தவர்கள். அவர்கள் மெதுவாக என்னைப் பார்த்து, "பாஸ்டர், மேல கர்த்தர் என்ன பேசினாரு?" என்று கேட்டார்கள்.

அவர்கள் குத்திக்காட்டிக் கேட்டார்களோ, கபடில்லாமல் கேட்டார்களோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் என் வாய் அடைபட்டுப்போயிற்று. மேலே கர்த்தர் என்ன பேசினார்? நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே!

எங்கள் வழிகாட்டி ஒரு பெதூயின் வாலிபன். எங்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆனால் நடந்தது தெரிந்தது. தன் கைத்தடியை என் மனைவியின் கையில் கொடுத்து, அவளைத் தூக்கி நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால் நடக்கவைத்தான். வேகமாய் நடக்கிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் வரவேண்டும் என்று கையினால் காட்டினான். அது மலையில் நடக்கிறவர்களின் வழக்கம். நடக்கமாட்டாதவரை முன்னால் விட்டால் யாரும் பின்னால் விடப்பட்டுப்போவதில்லை. யாக்கோபும் ஏசாவிடம் அதைத்தானே சொன்னார்? பிள்ளைகளும் கறவலான ஆடுமாடுகளும் எப்படி நடக்குமோ அந்த நடைக்குத் தக்கதாகத்தான் நான் வருவேன் என்ற கருத்தில் சொன்னார் (ஆதி. 33). தேவனைப் பெனியேலில் முகமுகமாய்க் கண்டவனுடைய நடை அதற்குப்பின் அப்படித்தான் இருந்தது!

அன்று நான் என் மனைவியின் பையைச் சுமந்துகொண்டு, அவளுக்குப் பின்னால் நடந்தேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

மறுபடியும் ஏறி வா

பஸ்ஸில் உட்கார்ந்து யாத்திராகமத்தைத் திறந்தேன். அந்தத் தாயாரின் கேள்வி விடவில்லை. இந்த மலையில் கர்த்தர் என்ன பேசினார்? 19-ம் அதிகாரத்தை வாசித்தபோது திடுக்கிட்டேன். கர்த்தர் மோசேயை மலையின் கொடுமுடிக்கு வரவழைத்தார். அந்தக் கிழவர் மூச்சிரைக்க ஏறிப்போய் நின்றவுடனே கர்த்தர் சொன்னது, இறங்கிப்போய் ஜனங்களை எச்சரி என்பதுதான்! 32-ம் அதிகாரத்திலும் மறுபடியும் அதே கட்டளை. பிறகு எலியா இதே ஓரேபுக்கு 40 நாள் நடந்து வந்தார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்து மெல்லிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கடைசியில் அவரை எங்கே அனுப்பிற்று? வந்த வழியே திரும்பிப் போய், செய்யவேண்டிய வேலையைச் செய்யும்படி அனுப்பிற்று.

அந்தத் தாயாருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: "அம்மா, மேலே கர்த்தர் என்னைக் கீழே போகச் சொன்னார். என் மனைவி உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை."

தேவபிள்ளையே, மோசேயும் இறங்கும்போதுதான் பலகைகளை உடைத்தார். தேவனே எழுதிக்கொடுத்த பலகைகள் மலையடிவாரத்தில் தூள்தூளாயின. அதோடு கர்த்தர் அவரைத் தள்ளிவிட்டாரா? இல்லை. ஸ்தோத்திரம்! 34-ம் அதிகாரத்தில் மறுபடியும் ஏறி வரச் சொன்னார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் பலகைகள் தேவனே செய்தவை. இரண்டாவது முறையோ மோசேயே கல்லை வெட்டி, தன் கையில் சுமந்துகொண்டு ஏறவேண்டியதாயிற்று. எழுதினவர் கர்த்தர், வெட்டினவர் உடைத்தவர். மன்னிப்பு இலவசம்தான். ஆனால் உடைத்ததைச் சரிசெய்கிற உழைப்பைக் கர்த்தர் நம் கையிலேயே கொடுக்கிறார். அந்த இரண்டாம் இறக்கத்தில்தான் மோசேயின் முகம் பிரகாசித்தது. அது அவருக்கே தெரியவில்லை!

நான் அன்றிரவு விடுதி அறையில் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் மன்னித்தாள். ஆனால் நாலு பேருக்கு முன்னால் சத்தம்போட்டவன், நாலு சுவருக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஊருக்குத் திரும்பி, பீடத்தில் நின்று சூரியோதயத்தைப்பற்றியும் அபிஷேகத்தைப்பற்றியும் ஒரு மணி நேரம் சாட்சி சொன்னேன். சபை முழுவதும் கைதட்டி ஆர்ப்பரித்தது. என் மனைவி பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தலைகுனிவு இத்தனை வருஷமாய் என் கண்களைவிட்டுப் போகவில்லை. நான் கல்லை வெட்டாமலேயே இருந்துவிட்டேன்.

இதை மடலில் எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா அந்த டீக்கடைக்காரர் கம்பளி போர்த்தினதை விட்டுடாதீங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இது என்னுடைய இரண்டாம் பலகை.

அன்பான சகோதரனே, சகோதரியே! உபவாசத்தில் நீங்கள் ஏறினீர்கள். நல்லது. இப்போது இறங்குகிற வழியில் இருக்கிறீர்கள். களைப்பாயிருக்கிறபடியால் எச்சரிக்கையாயிருங்கள். உபவாசம் முடிந்த வாரமே வாய்க்குக் காவல் வைக்கவேண்டிய வாரம். நீங்கள் ஏறினபோது உங்களுக்காக யாருடைய கம்பளி பறிபோயிற்று என்று யோசித்துப்பாருங்கள். நீங்கள் ஜெபக்கூடத்தில் இருந்தபோது வீட்டில் சமைத்தது யார்? பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார்? அவர்கள் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்களா? அவர்களை உங்களுக்கு முன்னால் நடக்கவிடுங்கள். அவர்கள் பையை வாங்கிச் சுமந்துகொண்டு வாருங்கள். எழுப்புதல் எவ்வளவு உயரம் போயிற்று என்பதை உங்கள் வீட்டார்தான் சொல்லவேண்டும்.

ஏற்கெனவே இடறிவிட்டீர்களா? போன் செய்த அந்தச் சகோதரியைப்போல அழுகிறீர்களா? துண்டுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவேண்டாம். மாமியாரிடத்தில் போங்கள். யாருக்கு முன்பாக உடைத்தீர்களோ அவர்களுக்கு முன்பாகவே மன்னிப்புக் கேளுங்கள். கல்லை வெட்டுங்கள். கர்த்தர் மறுபடியும் எழுதுவார்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, மகிமையின் சிங்காசனத்தைவிட்டு எங்களுக்காக இறங்கிவந்த உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். ஏறப் பெலன் கொடுத்தவரே, இறங்கவும் பெலன் தாரும். மேலே நீர் பேசுகிறதைக் கேட்கிற காதும், கீழே காத்திருக்கிறவர்களைக் காண்கிற கண்ணும் எங்களுக்குத் தாரும். நாங்கள் உடைத்ததை மறைக்காமல் அறிக்கையிடக் கிருபை செய்யும். அந்த மலையில் தன் கம்பளியைக் கொடுத்த மனுஷனையும் அவர் வீட்டாரையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபங்கேளும் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்